ஊதப்படாத விசில்



மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அரங்குகளிலும் ஏறக்குறைய இதே முறையீடுதான் ஓயாமல் எழுகின்றது. நடுவர் கண்டிப்பானவராயினும் சரி, தாராளமானவராயினும் சரி. ஆட்டத்தின் தொடக்கத்தில் குற்றமாகக் கொள்ளப்பட்ட இடிப்பு, முடிவில் குற்றமற்றதாகிவிடக் கூடாது என்பதே ஆட்டக்காரரின் வேண்டுகோள். அது நியாயமென்றே நமக்குப் படுகின்றது.

2023 ஜனவரி 28 அன்று பாஸ்டன் நகரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ் ஆகிய இரு அணிகளும் 105 புள்ளிகளில் சமமாக நின்றன. இறுதி நொடிகளில் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்ந்தார். எதிரணியின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தது தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தது. தளத்திலிருந்த மூன்று நடுவருள் ஒருவரும் விசில் ஊதவில்லை. முப்பத்தெட்டு வயதான அந்தப் பெருவீரர், கைப்பொருளைப் பறிகொடுத்த சிறு பிள்ளைபோலத் துள்ளித் துடித்து, தரையில் மண்டியிட்டுத் தலை கவிழ்ந்தார். அவருடைய தோழர் பாட்ரிக் பெவர்லியோ புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவையே தூக்கி வந்து நடுவரிடம் சான்று காட்டினார்! நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு ஒரு தனி எறிவு கிடைத்தது. கூடுதல் நேர ஆட்டத்தில் செல்டிக்ஸ் 125–121 என்று வென்றது.

சினம் எப்போதும் ஆட்டக்காரர் பக்கமே இருப்பதில்லை. 2007 ஏப்ரலில், அமைதிக்குப் பேர்போன டிம் டங்கன், இருக்கையில் அமர்ந்தபடி சிரித்தார் என்பதற்காக நடுவர் ஜோயி கிராஃபோர்டு அவரை வெளியேற்றினார். டங்கனுக்கு 25,000 டாலர் அபராதம். நடுவருக்கோ அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் முழுவதிலும் இடைநீக்கம். பத்துப் பேர் நெருக்கியடித்து ஓடும் களத்தில் கண நேரத்தில் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. அதை நாம் அறிவோம். ஆனால் சிரிப்பைக் குற்றமாக்க எந்தக் கண நேரமும் காரணமாகாது.

அதே ஆண்டில்தான் டிம் டோனகி என்னும் நடுவர், தாம் நடத்திய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியது வெளியாயிற்று. 2008இல் அவருக்குப் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய ஒருவரால், நேர்மையான நடுவரின் வெறும் கண்பிசகும் ஐயத்துக்குள்ளாகிவிடுகின்றது.

2015 முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளைச் சரிபார்த்துக் கழகமே அறிக்கை வெளியிட்டு வருகின்றது. 2019இல் பயிற்சியாளர் ஒரு தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கோரும் உரிமையும் வந்தது. ஆயினும் 2023இல் ஊதப்படாத விசிலை எதிர்த்து அவ்வுரிமையைப் பயன்படுத்த இயலவில்லை. பாஸ்டனில் அது உதவாமற் போனது அதனால்தான்.

பாஸ்டன் ஆட்டத்துக்குப் பின் நடுவர்கள் தவற்றை மறைக்கவில்லை. இது தங்கள் உறக்கத்தையே கெடுக்கும் என்று அவர்களுடைய சங்கம் வெளிப்படையாக அறிவித்தது. அதைப் படித்தபோது நம் சினம் பாதி தணிந்தது. லேக்கர்ஸ் அன்பர்களுக்குத் தணிந்ததா என்பது வேறு செய்தி.