127 நாளை வகுப்பறைக்குக் கொண்டு போவோம்



இன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: 1984-ல் திருப்பூரில் என்ன நடந்தது? முழிக்கும். திருப்பூர் குமரனைத் தெரியும். சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை, 1932 ஜனவரியில் தடியடிபட்டுச் செத்தார் என்று ஒப்பிக்கும். நல்லது. ஆனால் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர் இது என்று அதற்கு யார் சொன்னார்கள்? சனிக்கிழமைக் கூலியில் பஞ்சப்படி சேர்ந்து வந்தால், முதலாளி மனமிரங்கிக் கொடுத்தது என்றே நினைக்கும். அந்தப் பிள்ளைதான் 18 வயதில் ஓட்டுச்சாவடி வாசலில் நிற்கப்போகிறது, கேட்கத் தெரியாமல்.

2022-ல், பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. எதை வெட்டியது? 10-ஆம் வகுப்பில் மக்கள் போராட்டங்கள் பற்றிய அத்தியாயத்தை. தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து பொலிவியா மக்கள் திரண்ட கதை அதில்தான் இருந்தது. 11-ஆம் வகுப்பு உலக வரலாற்றில் தொழிற்புரட்சியை. நூலும் துணியும் உலகத்தைப் புரட்டிப்போட்ட கதை, பனியன் ஊர்ப் பிள்ளைக்குச் சுமையாம்! நம் பிள்ளை படிப்பது மாநிலப் பாடத்திட்டம்தானே என்று ஒதுங்காதீர்கள்; அந்த 127 நாளை நம் பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லையே.

நம் மேலும் தப்பு இருக்கிறது. சங்க ஆபீஸ் போட்டோவுக்கு மாலை போட்டதோடு விட்டுவிட்டோம். 1984-ல் 20 வயதில் கொடி பிடித்தவர் இன்று 60 தாண்டிவிட்டார். அவர் போய்விட்டால் யார் வந்து சொல்வது?

அதற்கு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். சட்டம் கொடுத்த இடம் அது. அடுத்த கூட்டத்துக்கு அரைநாள் கூலி போனாலும் போங்கள். 1984-ல் நின்றவரை வகுப்புக்கு அழைக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கேளுங்கள். வெற்றியை மட்டும் அவர் பேச வேண்டாம். அதற்குப் பிறகு கம்பெனிகள் சிறுசிறு யூனிட்டாக உடைந்ததையும், ஜாப்வொர்க் பெருகி சங்கம் தளர்ந்ததையும் சேர்த்தே சொல்லட்டும். பீகார், ஒடிசாத் தோழர்களின் பிள்ளைகளும் அந்த பெஞ்சில் இருக்க வேண்டும்; இந்த ஊர்க் கூலியின் கதை அவர்களுக்கும் சொந்தம்.

பழைய நோட்டீஸ், ஒப்பந்த நகல், போட்டோ எது பரணில் கிடந்தாலும் தூசி தட்டி எடுங்கள். இந்தச் சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு, சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்!