களவு கொடாமை

வள்ளுவர் தமது நூலின் 29ஆம் அதிகாரத்துக்குக் கள்ளாமை என்று பெயரிட்டார். பிறர் பொருளைக் கவர எண்ணுவோனுக்கு அறிவு கூறிய அப்பெருமகனார், பொருளைப் பறிகொடாதிருக்கும் வழியை உடையவனுக்குக் கூற ஓர் அதிகாரம் வகுத்தாரில்லை. அக்குறையை நிரப்பும் துணிவு நமக்கும் இல்லை. ஆயினும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலே, நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு ஒலிபெருக்கி அறிவிக்குந்தோறும், கள்ளாமையைப் போலக் களவு கொடாமையும் பயிலவேண்டிய ஒன்றே என்னும் எண்ணம் நமக்கு எழுவதுண்டு.

நல்லூர்த் திருவிழா 25 நாள் நடைபெறுவது. தேர்த் திருவிழாவன்று வீதியிலே நிற்பவருக்குத் தம் கால் எங்கே, பிறர் கால் எங்கே என்பது தெரியாது. வடம் அசைகின்றது, எல்லோருடைய கைகளும் தலைக்குமேல் குவிகின்றன. கள்வன் காத்திருப்பது அந்தக் கணத்துக்கே. அவன் தனியே வருவதும் அரிது. ஒருவன் நெருக்குவான், மற்றொருவன் அறுப்பான், மூன்றாமவன் வாங்கிக்கொண்டு அகன்றுவிடுவான். ‘ஐயோ, சங்கிலி!’ என்று குரல் எழும்போது அருகில் நிற்பவனைச் சோதித்துப் பயனில்லை. அங்ஙனமாயின் கவரிங் நகை அணிந்து செல்லலாமே என்பர் சிலர். கூட்டத்தில் அறுப்பவன் உரைத்துப் பார்த்தா அறுக்கின்றான்? நகை போலியாயினும் கழுத்திற் படும் காயம் போலியன்று. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாத பெண்மணிகள் அதனைச் சட்டைக்குள் மறைத்து, மேலே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது நலம்.

பணப்பை திருடுவோனை நம் முன்னோர் ‘முடிச்சுமாறி’ என்றனர். காசைத் துணியில் முடிந்து மடியிற் செருகிய காலத்துச் சொல் அது. முடிச்சும் கொட்டைப்பெட்டியும் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் உணர்வு தெரியும். இன்று காற்சட்டையின் பின்பையிலே பணத்தை வைத்து அதன்மேல் நாம் அமர்கின்றோம். எழுந்து நின்றாலோ அது நமக்குப் புறம்பாகிவிடுகின்றது. புறக்கோட்டைப் பேருந்து நிலையத்திலே நெருக்கியடித்து ஏறும் மாணவர்கள் பணத்தை முன்பைக்கு மாற்றி, புத்தகப் பையையும் மார்புப் பக்கம் அணைத்துக்கொள்வார்களாக.

வீதியில் நடப்போர் வலப்புற ஓரமாக நடக்கவேண்டும். நம் நாட்டிலே வாகனங்கள் இடப்புறம் செல்வதால், நம்மை அணுகும் மோட்டார் சைக்கிள் அப்பொழுது எதிரே வரும்; முதுகுப்புறம் வராது. கைப்பை வீதிப் பக்கத் தோளில் இருத்தலாகாது. முகவரி கேட்டு வண்டியை நிறுத்துவோருக்கு எட்ட நின்றே விடை சொல்லுக. எல்லாம் மீறிச் சங்கிலியிற் கை வைத்துவிட்டானாயின் விட்டுவிடுதலே அறிவுடைமை. இழுபட்டு வீழ்ந்தால் தலையும் முதுகெலும்பும் சிதையக்கூடும். வண்டியின் இலக்கத்தை மனத்திற் பதித்துக்கொண்டு 119க்கு அறிவிக்கலாம்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சாவியைப் பூச்சாடியின் கீழ் வைப்பது கள்வனுக்கும் தெரிந்த பழக்கம். ஊருக்குப் போவதை முகநூலிற் பறைசாற்றுவோர் திரும்பி வந்தபின் படங்களை இட்டால் என்ன குறைந்துவிடும்? பத்திரிகைகள் வாயிலிற் குவிந்து கிடப்பது ஆளில்லை என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். ஆகவே நம்முடைய இவ்விதழையும் அயலவர் எடுத்து வைக்குமாறு சொல்லிச் செல்லுக. கிடுகு வேலிக் காலத்தில் இருமினாற்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மதில் எழுப்பியபின் கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

துவிச்சக்கர வண்டியைப் பூட்டும்போது சங்கிலி சில்லை மாத்திரம் சுற்றினாற் போதாது. சட்டத்தையும் ஒரு தூணையும் சேர்த்துப் பிணைக்கவேண்டும். சட்டத்திற் பொறித்துள்ள இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்தல் நன்று. கைத்தொலைபேசியில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். அதனையும் குறித்து வைத்தால் பொலிசாரிடம் முறையிடும்போது ‘கறுப்பு நிறத் தொலைபேசி’ என்று தடுமாற வேண்டியதில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பவன் கன்னக்கோல் இல்லாத கள்வன். எந்த வங்கியும் அதனைத் தொலைபேசியிற் கேட்பதில்லை.

இவ்வளவும் பொருளைக் காக்கும் வழிகள். ஆனால் பூட்டாத பெட்டியிலிருந்து போவது பொருள் மாத்திரமா?

சில ஆண்டுகளுக்கு முன் நமது வகுப்பு மாணவர் சுற்றுலாவுக்குப் பணம் சேர்த்தனர். வகுப்புத் தலைவன் அதனை ஓர் உறையிலிட்டு மேசைக்குள் வைத்துவிட்டுக் காலைப் பிரார்த்தனைக்குச் சென்றான். அதை நாமும் கண்டோம், ஒன்றும் சொன்னோமில்லை. திரும்பி வந்தபோது உறை இல்லை. காய்ச்சல் காரணமாக ஒரு மாணவன் மட்டும் வகுப்பிலே தலை சாய்த்துப் படுத்திருந்தான். வறிய வீட்டுப் பிள்ளை. ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. கண்கள் யாவும் அவன் பக்கம் திரும்பின. நாம் பைகளைச் சோதித்தோம். எல்லோருடைய பைகளையும் சோதித்தோமே என்று பின்னர் நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டதுண்டு. முதலிற் சோதித்தது அவனுடையதை என்பதே உண்மை. அதில் மூன்று கொப்பிகளும் ஒரு துண்டுப் பாணும் இருந்தன.

பணம் அகப்படவேயில்லை. அவ்வகுப்பறைக்குக் கதவு கிடையாது. யாரும் வந்து போயிருக்கலாம். அந்த உறையிலே அவன் தாயார் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணமும் இருந்தது என்பது அன்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நமக்கு நினைவு வந்தபோது இரவாகிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். தாயார் கதிரையைத் துடைத்து வைத்துத் தேநீர் தந்தார். நாம் சொல்ல எண்ணிச் சென்றதை முழுவதும் சொன்னோமில்லை.

இப்பொழுது அவன் உத்தியோகம் பார்க்கின்றான். வழியிற் கண்டால் வண்டியை விட்டு இறங்கி, ‘சேர், சுகமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பான். நாம் அவன் வண்டியின் கைபிடியைப் பார்த்தே விடை சொல்வது வழக்கமாகிவிட்டது. வகுப்பிற் சேரும் பணம் இப்பொழுது மணி அடிக்குமுன் அலுவலகத்துக்குச் செல்கின்றது. பற்றுச்சீட்டை நாமே வாங்கி வருகின்றோம்.