பள்ளிச் செலவு வீண்செலவா?

அரசுப் பள்ளிகளுக்குப் பணத்தைக் கொட்டுவது வீண் என்போர் எங்கும் உளர். அவர்கள் கையிலெடுக்கும் முதற் கருவி, 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை. ஏறத்தாழ 4,000 பள்ளிகளை ஆய்ந்த அவ்வறிக்கை, மாணவர் தேர்ச்சியைப் பெரிதும் முடிவு செய்வது குடும்பச் சூழலே. பள்ளிக் கட்டடமும் கருவிகளும் அல்ல என்றது. கான்சசு நகரத்தையும் அவர்கள் சுட்டுவர். அங்கு 1985 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் 200 கோடி தாலரளவு செலவாயிற்று. நீச்சற்குளங்களும் கோளரங்கும் எழுந்தன, தேர்ச்சி எழவில்லை.

இவை மெய்யே, ஆயின் மெய்யின் ஒரு பாதியே. நல்லாசிரியரால் மிகுதியும் பயன்பெறுவோர் பின்தங்கிய பிள்ளைகளே என்பதும் அதே கோல்மன் அறிக்கை கண்ட முடிவு. அதனை மறைப்பதேன்? தென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வில், 22 முதல் 25 பிள்ளைகள் அமர்ந்த வகுப்புகளைவிட, 13 முதல் 17 பேர் அமர்ந்த வகுப்புகளில் படிப்பும் கணக்கும் மேம்பட்டன. கறுப்பினப் பிள்ளைகள் அடைந்த பயன் இன்னும் மிகுதி. சுவருக்கிட்ட பணம் சுவரோடு நின்றது. ஆசிரியருக்கிட்ட பணம் பிள்ளையைச் சேர்ந்தது.

குடும்ப வறுமையே தடையெனில், அத்தடையை நீக்கவல்லது பொதுப்பணமன்றி வேறு யாது? தமிழகம் இதனைப் பட்டறிவால் அறியும். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அரும்பிய நண்பகலுணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் நாட்டுப்புறமெங்கும் பரவியது. 1982இல் மேலும் விரிந்தது. 2022இல் காலையுணவும் சேர்ந்தது. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறுமோ? பள்ளி வாயிலை மிதித்தறியாத குடிகளின் பிள்ளைகளை உள்ளே அழைத்து வந்தது அந்தச் சோறன்றோ! அதனைச் சோற்றுச் செலவென்பது பேதைமை. அது கல்விச் செலவே.

நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குக எனக் கோத்தாரிக் குழு 1966இல் உரைத்தது. 2020இல் வந்த இந்திய ஒன்றியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணையே மீண்டும் எழுதியது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஏட்டிலேயே உறங்கிய எண் அது! கொடுக்காத பணத்தால் பயன் விளையவில்லை என்று தீர்ப்புரைப்பது எவ்வகை அறம்?

முதலில் முழுமையாகக் கொடுக்கட்டும். ஆசிரியருக்கும் அடிசிலுக்கும் நூலுக்கும் கொடுக்கட்டும். பின்னர்த் தேர்ச்சிக்குக் கணக்குக் கேட்கட்டும். அதுவரை கணக்குக் கேட்கும் உரிமை பிள்ளைகளைப் பெற்ற மக்களுக்கே உண்டு.