காலணியும் கடமையும்



நம் பங்குகளில் புதிதாகக் கார் வாங்குவோர், அதனை முதன்முதலாகக் கோவில் வாசலுக்குத்தான் ஓட்டி வருகின்றனர். பங்குத்தந்தை வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். முன் கண்ணாடியருகே வேளாங்கண்ணி மாதாவின் சிறு சுரூபமோ, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் படமோ இடம் பெறுகிறது. நல்ல வழக்கமே, நாமும் அவ்வாறே செய்தோம். ஆனால், தீர்த்தம் தெளித்த அந்தக் காரில் ஏறி அமர்ந்து பெடலை மிதிக்கும் பாதத்தில் என்ன அணிந்திருக்கிறோம் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தோமா? இத்திங்கள் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "செருப்பைப் பற்றியா ஒரு கட்டுரை?" என்று சிரிப்போர் சிரிக்கலாம். நாமும் ஒரு நாள் வரை சிரித்தவர்களே.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு அது. நல்ல தோல் காலணி நனைந்து கெட்டுவிடுமே என்று, ரப்பர் ஹவாய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு குடும்பத்துடன் இரண்டாம் பூசைக்குச் சென்றோம். பூசை முடிந்து, கோவில் வளாகத்திலிருந்து காரை வெளியே எடுக்கும் வேளையில், மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிள்ளைகள் ஓடி வந்தனர். காற்றில் பறந்த தன் குடையைப் பிடிக்க, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காரின் முன்னே பாய்ந்தாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதிக்க முயன்றோம். ஈரச் செருப்பின் முனை மடிந்து, பிரேக் பெடலின் அடியில் சிக்கிக்கொண்டது. கால் மேலே எழவில்லை. பெடலும் கீழே இறங்கவில்லை. கார் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கைப்பிரேக்கை முழு வலிமையுடன் இழுத்தோம். குடையின் கம்பியில் முன் பம்பர் உரசிய நிலையில் கார் நின்றது. அப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு, நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப் போயிற்று.

நம் இல்லத்தரசி வழி நெடுகப் பேசவேயில்லை. வீடு வந்து சேர்ந்த பின்தான், "ஏங்க, இன்னைக்குப் பிள்ளையை மாதா காப்பாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் அவங்களே வந்து பிரேக்கை மிதிக்கணும்னு எதிர்பார்க்கக் கூடாது" என்றார்.

அன்றிரவு ஆன்ம சோதனை செய்தபோது அச்சொற்கள் நம்மை விடவில்லை. செருப்பு வழுக்கிவிட்டது என்று நண்பர்களிடம் கூறியிருந்தோம். அது உண்மைதான். ஆயினும் அந்தச் செருப்பைத் தேர்ந்தெடுத்தவர் யார்? ஒரு சோடிக் காலணியின் பளபளப்பைக் காக்க விரும்பிய நாம், பிறர் வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பற்றி எண்ணவேயில்லை. அதன் பின்னரே இதனைப் பற்றிப் படிக்கவும், அனுபவம் மிக்க ஓட்டுநர்களிடம் கேட்டறியவும் முற்பட்டோம். அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், கார் ஓட்டும்போது நம் பாதம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கியர் மாற்றும் காரில் மூன்று பெடல்கள் உள்ளன. இடக்கால் கிளட்சை மட்டும் கவனிக்கிறது. வலக்காலுக்கோ இரண்டு பொறுப்புகள்: ஆக்சிலேட்டரும் பிரேக்கும். தேர்ந்த ஓட்டுநரின் வலக்குதிகால் தரையில் ஊன்றியிருக்கும். அதனை அச்சாகக் கொண்டு பாதத்தின் முன்பகுதி ஆக்சிலேட்டருக்கும் பிரேக்கிற்கும் மாறி மாறித் திரும்பும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உள்ளங்காலின் உணர்வே நமக்குச் சொல்கிறது. ஆகவே நல்ல காலணி, குதிகாலை ஊன்ற விட வேண்டும். பாதத்தைத் தடையின்றித் திரும்ப விட வேண்டும். பெடலின் அழுத்தத்தை உணர விட வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக் கெடுக்கும் காலணியும் ஓட்டுநருக்கு ஏற்றதன்று.

இதில் ஒரு கண நேரத் தடங்கல் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கால் அரை வினாடி சிக்கிக்கொண்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னரே கார் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சாலையைக் கடக்கும் ஒரு முதியவருக்கும் நம் காருக்கும் இடையே அந்த 8 மீட்டர் இல்லாமற் போகலாம்.

இனி, நாம் வழக்கமாக அணிபவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஹவாய்ச் செருப்பைப் பெருவிரலிடை வார் ஒன்றே காலோடு பிணைக்கிறது. குதிகால் பக்கம் தளர்ந்து தொங்குகிறது. முனை மடியும், நனைந்தால் பாதம் செருப்பின் மேலேயே வழுக்கும். பின்வார் இல்லாத எல்லாச் செருப்புகளுக்கும் இக்குறை உண்டு. பெண்கள் அணியும் உயர்ந்த குதி வைத்த காலணிகளில் வேறொரு தொல்லை. குதிகால் தரையில் ஊன்றாமல் மேலே நிற்பதால் பாதத்தின் கோணம் மாறிவிடுகிறது. கூரிய குதி தரைவிரிப்பில் குத்தி நின்று, காலைத் திரும்ப விடாது. தடித்த அடியுள்ள காலணியில் பெடலின் உணர்வே எட்டுவதில்லை. வயல்வேலைக்கும் மழைக்கும் அணியும் அகன்ற பூட்ஸ், பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருங்கே அழுத்திவிடக் கூடும். பூட்ஸின் கயிறு நீண்டு தொங்கினால் அதுவும் பெடலில் சுற்றிக்கொள்ளும். வழவழப்பான தோல் அடியுள்ள புதுக் காலணி, திருமண வீட்டிற்கு அழகே. மழை நாளில் பெடலுக்கு ஆகாது.

"அப்படியானால் வெறுங்காலுடன் ஓட்டலாமே" என்பர் சிலர். வெறுங்காலுக்குப் பெடலின் உணர்வு நன்கு தெரியும் என்பது மெய்யே. ஆயினும் திடீரென்று பிரேக்கை முழு வலுவோடு அழுத்த நேரும்போது, பெடலின் வரிகள் உள்ளங்காலில் உறுத்தும். வியர்வையோ ஈரமோ இருந்தால் கால் வழுக்கும். விபத்து நேர்ந்து கண்ணாடி உடைந்தாலோ, அத்துண்டுகளின் மேல்தான் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வெறுங்காலுடன் ஓட்டுவோர் பலரும் கழற்றிய செருப்பைத் தம் இருக்கையின் முன்னேயே விட்டுவிடுகின்றனர். காரின் ஓட்டத்தில் அது நகர்ந்து பிரேக் பெடலின் அடியில் போய்ச் சேர்ந்தால், எத்துணை வலிமையுடன் மிதித்தாலும் பெடல் இறங்காது. பிள்ளைகள் உருட்டிவிடும் தண்ணீர்ப் புட்டியும் அவ்வாறே.

தரைவிரிப்பையும் மறக்கலாகாது. 2009ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம், தரைவிரிப்பு நகர்ந்து ஆக்சிலேட்டர் பெடலைப் பிடித்துக்கொள்ளக் கூடும் என்ற காரணத்தால், அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஒரு துண்டு விரிப்பு செய்யக் கூடியது இது. ஓட்டுநர் பக்கத்து விரிப்பை அதற்குரிய கொக்கியில் மாட்டி வைப்பதும், ஒன்றின் மேல் மற்றொன்றை விரிக்காதிருப்பதும் கடமை.

வெறுங்காலைப் பற்றிப் பேசும்போது, நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவிற்குக் காவி உடுத்து, காலணி தவிர்த்து, விரதம் இருந்து செல்வோர் நம்மிடையே ஏராளம். நடந்து செல்வோர் செய்யும் அத்தவத்தைப் போற்றுகிறோம். ஆனால் அதே நேர்ச்சையுடன் குடும்பம் முழுவதையும் காரில் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் கண் விழித்து, வெறுங்காலுடன் ஓட்டிச் செல்வோரும் உளர். புண்ணும் கொப்புளமுமாகிய கால்களுடன் திரும்பி ஓட்டி வருவோரும் உளர். அவர்களிடம் அன்புடன் ஒன்று கூற விரும்புகிறோம்.

நேர்ச்சை என்பது நன்மையானதை, மேலானதை இறைவனுக்கு வாக்களிப்பது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1191ஆம் எண்ணில் அவ்வாறே வரையறுக்கிறது. தனிப்பட்ட முறையில் செய்த நேர்ச்சையை, அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயலாக, நேர்ந்துகொண்டவரே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197ஆம் எண் இடம் தருகிறது. மனம் அமைதியடையாதவர்கள் பங்குத்தந்தையிடம் கலந்து பேசலாம். ஓட்டும் நேரத்திற்கு மட்டும் காலணி அணிந்து, காரை நிறுத்திய இடத்தில் கழற்றி வைத்துவிட்டு, மணலில் வெறுங்காலுடன் அன்னையின் ஆலயத்திற்கு நடப்பதால் நேர்ச்சையின் பொருள் குறைந்துவிடாது. எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றியது, தாம் நின்ற இடம் புனிதமானது என்பதால். நெடுஞ்சாலையில் நமக்கு முன்னே செல்லும் ஒவ்வோர் உயிரும் புனிதமே. அங்கே மிதியடியை அணிந்துகொள்வதே வணக்கமாகும்.

சரி, எத்தகைய காலணியைத் தேர்ந்தெடுப்பது? குதிகாலை மூடிய காலணியே சிறந்தது. இயலாவிடின், பின்வார் உள்ள செருப்பாயினும் இருக்கட்டும். அடிப்பகுதி மெல்லியதாகவும், பிடிப்புள்ளதாகவும் இருக்க வேண்டும். அடியின் கனம் 10 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் நலம் என்பது பிரிட்டனில் ஓட்டுநர்களுக்குக் கூறப்படும் அறிவுரை. கணுக்கால் எளிதில் அசைய வேண்டும். பாதத்தை விட மிக அகன்றதாக இருத்தல் ஆகாது. கார் ஓட்டுவதற்கென்றே, அடியில் சிறு ரப்பர்க் குமிழ்கள் பதித்த மெல்லிய தோல் காலணியை 1963ஆம் ஆண்டிலேயே இத்தாலியர் செய்யத் தொடங்கினர். நமக்கு அத்தகைய விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் அணியும் சாதாரணக் கான்வாஸ் ஷூ போதும். தோல் காலணியே வேண்டுமென்போர், நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் செய்யப்படுபவற்றுள் ரப்பர் அடி வைத்தவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கிய காலணியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்கிற்குக் காலைப் பத்து முறை மாற்றிப் பாருங்கள். ஒரு முறையேனும் விளிம்பு தட்டினாலோ, பாதம் உள்ளே நழுவினாலோ அக்காலணி வேண்டாம். எஞ்சின் ஓடாத நிலையில் சில முறை மிதித்த பின் பிரேக் பெடல் இறுகிப் போகும். அது பழுதன்று, உதவி விசை தீர்ந்ததன் அடையாளமே.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அந்நோய் நீடித்தால் பாதத்தின் உணர்ச்சி குறையக் கூடும். செருப்பு காலை விட்டுக் கழன்றதும் தெரியாது, பெடல் எவ்வளவு அழுந்தியது என்பதும் தெரியாது. மருத்துவர் அணியச் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பைப் பின்வார் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். கால் மரத்திருப்பின், கார் ஓட்டலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. "அப்பா இனி ஓட்ட வேண்டாம்" என்று மக்கள் சொல்லும்போது மனம் வருந்தும்; எனினும் அச்சொல் அன்பினால் வருவது.

நம் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஓட்டுவதற்கென்று ஒரு சோடிக் கான்வாஸ் ஷூ, ஒரு துணிப்பையில் காரிலேயே இருக்கிறது. திருமணமோ, மழையோ, திருவிழாவோ, ஏறியவுடன் காலணி மாறும். கழற்றியது பையினுள் சென்று, பின்னிருக்கைக்குக் கீழே இடம் பெறும். மகள் தன் உயர்குதிக் காலணியை அவ்வாறே மாற்றிக்கொண்டு, சேலைக் கரையைச் சற்று உயர்த்திச் செருகிய பின்பே சாவியைத் திருப்புகிறாள். இதற்கு ஒரு நிமிடம் கூட ஆவதில்லை.

இதனைச் சட்டம் கேட்கிறதா என்று வினவுவோரும் உண்டு. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, செருப்பணிந்து ஓட்டினால் அபராதம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அவ்வாறு அபராதம் இல்லை என்று மத்திய அமைச்சரின் அலுவலகம் விளக்கியது. பிரிட்டனின் சாலை விதிநூலோ, வாகனத்தைச் சரிவர இயக்குவதற்கு உடையும் காலணியும் தடையாக இருத்தல் ஆகாது என்று தன் 97ஆம் விதியில் கூறுகிறது.

நமக்குச் சட்டத்தினும் நெருங்கிய ஒன்று இருக்கிறது. 2007ஆம் ஆண்டில் வத்திக்கான், சாலைகளில் ஆற்ற வேண்டிய மேய்ப்புப் பணி குறித்து வெளியிட்ட வழிகாட்டியில், ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் தரப்பட்டன. அவற்றுள் முதலாவது, சீனாய் மலையில் ஐந்தாவதாகத் தரப்பட்ட கொலை விலக்கே. கொலை செய்ய எண்ணி எவரும் காரில் ஏறுவதில்லை. ஆனால் எண்ணாமல் ஏறுவதனால் உயிர்கள் போகின்றன.

அன்பு மக்களே, வரும் ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது, கார்க் கதவைத் திறந்ததும் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள்; அத்துடன் ஒரு முறை குனிந்து உங்கள் பாதத்தையும் பாருங்கள். குடையைப் பிடிக்க ஓடி வந்த அச்சிறுமி இப்போது மறைக்கல்வியில் அடுத்த வகுப்பிற்குச் சென்றுவிட்டாள். ஞாயிறுதோறும் அவளைக் காண்கிறோம். காணுந்தோறும் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.