தலையெழுத்தை எழுதும் கை யாருடையது?

"எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லாத வீடு நம்மவர் வீடுகளில் ஒன்றாவது உண்டா? வேலை போனால் தலையெழுத்து. மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொண்டால் தலையெழுத்து. மகன் பத்தாவதோடு நின்றுவிட்டால் தலையெழுத்து. மகளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்து, அது கண்ணீரில் முடிந்தால் அதுவும் தலையெழுத்து. எழுதியது யார், அவர் கையில் பேனாவைக் கொடுத்தது யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயிலைப் பார்த்தால் போதும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் ஏறும் கூட்டம், பங்காருப்பேட்டை தாண்டும்போது நிற்கவும் இடமில்லாமல் நெருக்குகிறது. பிறகு ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் தண்டு ரயிலடியிலும் இறங்கி நகரத்துக்குள் கரைந்து போகிறது. கட்டிட வேலைக்குப் போகிறவர், கார்மெண்ட்ஸில் தைக்கிறவர், காவல் வேலை பார்க்கிறவர், அலுவலகத்தில் கணினி முன் உட்காருகிறவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம், சீசன் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மாதாமாதம் பார்க்கும் முகங்கள் இவை.

இவர்களுடைய பாட்டன்மார் எதற்காகக் கோலார் தங்கவயலுக்கு வந்தார்கள்? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காட்டுப் பக்கத்துச் சேரிகளிலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி, நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறை உடைத்தவனுக்குக் கிடைத்தது லைன் வீட்டில் ஓர் அறையும், நெஞ்சில் படிந்த கல் தூசியும்தான். 1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை ஏற்றது. 1972-ல் அது பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனமாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு உழைப்புக்கு ஒரே நாளில் பூட்டு!

இதற்கு அந்தத் தொழிலாளி பொறுப்பா? இல்லை. இதை முதலில் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் "உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு" என்ற பேச்சு இன்று முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த பேச்சாகிவிட்டது. கூலியைக் குறைத்தவன், பாதுகாப்புக் கயிறு வாங்கிக் கொடுக்காதவன், ஒப்பந்தக்காரன் தலையில் கையை வைத்துவிட்டு நழுவுகிறவன் எல்லோரும் நமக்கு இந்தப் பாடத்தைச் சொல்ல வருகிறார்கள். நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவனிடம் "நீ ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்பது பொறுப்பைப் பற்றிய பேச்சு அல்ல. அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் பேச்சு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நமக்குச் செய்யப்பட்ட அநியாயத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் வீடுகளில் காலம் வீணாகிறது.

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலில் இரண்டு விதமாக நடந்தது. தேர்தலுக்குத் தேர்தல் "மறுபடி திறப்போம்" என்று சொன்னார்கள். வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் போயின. 2024-ல்தான் பழைய சயனைடு மண்மேடுகளிலிருந்து தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை சம்மதம் தந்தது. அதற்குள் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன! அந்த வாக்கை நம்பி வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம்பச் சொன்னவர்கள்தான் குற்றவாளிகள். ஆனால் அதே லைன் வீடுகளிலிருந்து, "வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும், நான் ரயிலேறுகிறேன்" என்று புறப்பட்டவர்களும் உண்டு. உரிமையை அவர்கள் கைவிடவில்லை. உரிமை கிடைக்கும்வரை பிள்ளையின் படிப்பை நிறுத்திவைக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். இன்று அந்த ரயிலில் அலுவலகப் பையோடு வரும் இளைஞர்களும் பெண்களும் அந்த முடிவின் பலன்.

தனியாளின் முடிவு என்றதும் அது தன்னலம் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. 1930-ல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யத் தங்கவயல் நிர்வாகம் கிளம்பியபோது, "நாங்கள் திருடர்களா?" என்று மக்கள் கொதித்து வேலை நிறுத்தம் செய்தார்கள். மைசூர் சமஸ்தானத்தில் அப்போது தொழிற்சங்கச் சட்டம்கூட இல்லை. ஒவ்வொருவனும் தன் மனதுக்குள் "என் விரலைக் கொடுக்கமாட்டேன்" என்று முடிவெடுத்ததால்தான் அத்தனை பேரும் சேர்ந்து நிற்க முடிந்தது.

நம் கண் முன்னாலேயே 2016-ல் நடந்ததைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு ஓசூர் சாலையிலும் பீண்யா பக்கத்திலும் வந்து நின்றார்கள். எந்தத் தலைவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. தடியடி விழுந்தது, பேருந்துகள் எரிந்தன. எரித்ததை நாம் பாராட்டவில்லை. ஆனால் 19-ஆம் தேதியே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கன்னடப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் தெலுங்குப் பெண்ணும் சேர்ந்து நின்று வாங்கிய வெற்றி அது.

இனி கசப்பான பகுதிக்கு வருவோம். அன்று தெருவில் நின்ற சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் பி.எஃப். கணக்கு எண் தெரியும்? எத்தனை பேர் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியக் கணக்கையும் சேர்த்து முடித்து வாங்கிக்கொண்டார்கள்? பத்தாண்டு சேவை நிறைந்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. நடுவில் முடித்து வாங்கிவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டு வருஷம் தைத்தும் ஓய்வூதியத்துக்கு மூன்று வருஷம்கூடக் கணக்கில் இல்லாத ஓர் அக்காள் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். எடுத்த பணமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டோம். ஒருமுறை மைத்துனர் கல்யாணம், ஒருமுறை வீட்டுக்காரர் வாங்கிய வட்டிக் கடன், ஒருமுறை ஊரில் காதுகுத்து. "நீங்கள் கையெழுத்துப் போடும்போது என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டோம். "சூப்பர்வைசர் போடச் சொன்னார், போட்டேன்" என்றார்.

அவரைச் சொல்லி என்ன பயன்? அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. "நீங்களும் போன வருஷம் போடச் சொன்னீர்களே, நான் படித்தா போட்டேன்?" என்றார். உண்மைதான். மனுவை நாம் எழுதுகிறோம், அவர்கள் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கிறார்கள். குடும்ப அட்டை நகல், ஆதார் நகல், நல வாரியக் காகிதம் எல்லாம் நம் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. "சங்கத்து அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று மக்கள் நிம்மதியாகப் போகிறார்கள். நமக்கும் அது பெருமையாக இருந்தது. மேஸ்திரியிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, அதை மக்கள் கையில் கொடுக்காமல் நாமே சட்டைப்பையில் செருகிக்கொண்டோம். இது ஊழியம் அல்ல, இன்னொரு மேஸ்திரித்தனம்.

ஆகவே நமது யோசனை இது. இனி எந்தக் காகிதத்தையும் உரியவர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்து, அவர் தன் வாயால் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். அலமாரியில் உள்ள நகல்களை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கார்மெண்ட்ஸ் பெண்கள் தங்கள் கைபேசியில் தாங்களே பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கக் கற்க வேண்டும். கற்றுத் தர வீட்டில் படிக்கும் பிள்ளையே போதும். கட்டிட வேலைக்காரர்கள் தாங்கள் வேலை செய்த நாட்களைத் தாங்களே ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். நல வாரியத்தில் சேர முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். அந்த நேரத்தில் மேஸ்திரியின் ஞாபகம் நமக்கு உதவாது. நம் நோட்டுதான் உதவும். இந்த ஊரில் வாழ்கிறோம், இந்த ஊர்க் கன்னடத்தைப் படிக்கவும் கற்போம். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள காகிதம், அதை நீட்டுகிறவனுக்கே சாதகம்.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. சம்பள நாளில் சாராயக் கடை வழியாக வீடு திரும்பும் தோழர், தன் வாழ்க்கையின் திசையை அந்தக் கடைக்காரரிடம் ஒப்படைக்கிறார். மகளைக் கேட்காமல் மகளின் கல்யாணத்தை முடிவு செய்யும் தகப்பன், தான் மேஸ்திரியிடம் பட்ட பாட்டை மகளிடம் காட்டுகிறார். தன் வாழ்வைத் தான் நடத்தும் உரிமை ஆண்பிள்ளைக்கு மட்டும் உள்ளதல்ல.

இவை செய்தால் நாளையே வறுமை ஒழியும் என்று நாம் சொல்லவில்லை. கூலி உயர்வுக்குப் போராட்டம் வேண்டும், சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும். ஆனால் தன் கணக்கைத் தான் அறியாதவன் சேரும் சங்கம் வெறும் கூட்டம். தன் கணக்கைத் தான் அறிந்தவர்கள் சேரும்போதுதான் அது சங்கம். அந்த அக்காளுக்கு இழந்த பதினைந்து வருஷத்தை நம்மால் மீட்டுத் தர முடியாது. அவர் மகள் இந்த மாதம் அதே கார்மெண்ட்ஸில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய முதல் காகிதத்தை அவளே படித்துக் கையெழுத்துப் போடும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.