இரவல் பேரில் ஒரு காணி

கனடாவில் இருக்கும் மாமா போன மாதம் கோல் எடுத்தார். கல்கிசையில் காலி வீதிக்குக் கிட்ட ஒரு காணி பார்த்து வைத்திருக்கிறாராம். "கம்பனியை இங்க பதியிறதோ, கொழும்பில பதியிறதோ? கொழும்பு எண்டால் 51 வீதம் உன்ர பேரில போடுவம். பேர் மட்டுந்தான் தம்பி, காசு முழுக்க என்ர."

டெலவேயரில் கம்பனி பதிந்து வேறு மாநிலத்தில் வீடு வாங்கும் அமெரிக்கக் கதைகளைக் கேட்டுத்தான் கனபேருக்கு இந்த யோசனை வருகிறது. இங்கே அது சரிவராது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பனிக்குக் காணியை உறுதி எழுத முடியாது. இங்கே பதிந்த சாதாரண தனியார் கம்பனியிலும் வெளிநாட்டவர் பங்கு 50 வீதத்தைத் தொட்டால் அதே தடை. அதாவது கம்பனி எங்கே என்பதோடு கேள்வி முடிவதில்லை. பங்கு யாரிடம் என்பதும் கேள்விதான்.

அதனால்தான் ஒரு மருமகன் தேவைப்படுகிறான். ஆனால் வாங்கிய பிறகும் 20 வருடத்துக்கு அந்தக் கணக்கு மாறக்கூடாது. எனக்கு இப்போது 22. நான் கடன்பட்டால் கடன்காரர் அந்தப் பங்கைத் தேடி வருவார். எனக்கு ஏதும் நடந்தால் அது என் வாரிசுகளுக்குப் போகும். கம்பனியின் வருடாந்த அறிக்கை பிந்தினால் கடிதம் பணிப்பாளரான எனக்கு வரும். மாமாவுக்கும் பாதுகாப்பு இல்லை. சட்டத்தைச் சுத்திப் போக எழுதின ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் நீட்டி நியாயம் கேட்பது லேசான வேலையா?

மாமாவில் எனக்குக் கோபமில்லை. 83இல் வெள்ளவத்தை வீட்டை விட்டுக் கப்பலேறினவர். பிறந்த நாட்டிலேயே "வெளிநாட்டவர்" என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலிக்கு இரவல் பேர் மருந்தில்லை. இரட்டைக் குடியுரிமை கிடைத்தால் சொந்தப் பேரிலேயே வாங்கலாம், கம்பனியே தேவையில்லை. அது சரிவராவிட்டால் குத்தகை இருக்கிறது. முழுப் பணத்தையும் முதலே வெளிநாட்டிலிருந்து அனுப்பித் தொடர்மாடி வீடும் வாங்கலாம். நேரமும் காசும் கூடப் போகும்தான். ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகும் நாங்கள் ஒரு மேசையில் இருந்து சாப்பிடலாம்.

"ஏலாது மாமா" என்று சொல்ல எனக்கு ரெண்டு நாள் எடுத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு கோல் வந்தால், கையெழுத்துப் போட முதல் அந்த ரெண்டு நாளையாவது எடுங்கோ.