பழமை பூசிய படமும் பழைய படமும்



திருமண வீடுகளில் அண்மைக் காலமாக ஓர் ஆசை பரவி வருகிறது. அன்று எடுத்த மணமக்களின் படத்தை, நூறாண்டுகளுக்கு முன் எடுத்ததுபோல் பழுப்பேற்றி, ஓரங்களை மங்கச் செய்து, குறுக்கே இரண்டு கீறலும் இட்டுச் சட்டம் போட்டு மாட்டுகின்றனர். எங்கள் வாடிப்பட்டியிலும் இதனைக் காண்கிறேன். கைப்பேசியில் ஒரு செயலி இருந்தால், ஸ்டுடியோவுக்குப் போகாமலேயே நொடியில் முடிந்துவிடுகிறது.

புதியதற்குப் பழமையின் அழகை ஊட்ட விரும்புவது குற்றமன்று. ஆனால் பழைய படம் ஏன் அவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிந்து செய்தால் அழகு கூடும். செய்ததை எழுதி வைத்தால் உண்மை காக்கப்படும். இவ்விரண்டையும் இம்மாதம் பார்ப்போம்.

முதலில் அந்தப் பழுப்பு நிறம். அதனை 'செபியா' என்பர். கணவாய் மீனுக்குரிய பெயர் அது. அம்மீன் உமிழும் மையிலிருந்து ஓவியர்கள் ஒரு பழுப்பு வண்ணம் எடுத்தனர். புகைப்படத்தின் பழுப்போ அம்மையால் வந்ததன்று. கருப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்களே. அவற்றைக் கந்தகம் சேர்ந்த ஒரு கரைசலில் இட்டால், வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறிப் பழுப்பாகும். அழுகிய முட்டையின் நாற்றம் அறையெங்கும் வீசும் வேலை அது. அதனை ஏன் செய்தார்கள்? வெறும் வெள்ளியைக் காற்றிலுள்ள மாசுகள் அரித்துவிடும். வெள்ளி சல்ஃபைடு எளிதில் அழியாது. ஆகவே, படம் நெடுநாள் நிலைக்க வேண்டும் என்பதற்காகவும் ஏற்றிய நிறம் அது. நிலைப்பதற்கான மருந்தை நாம் மங்கிப்போனதன் அடையாளமாக எண்ணிக்கொண்டோம்!

மஞ்சள் படிவது வேறு கதை. 1850-இல் பிளாங்கார் எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் வெண்கரு பூசிய தாளை அறிமுகப்படுத்தினார். அந்த நூற்றாண்டின் படங்களுள் பெரும்பாலானவை அத்தாளில் அச்சிடப்பட்டவையே. நாளடைவில் வெண்கரு மஞ்சளிக்கும். முகத்தின் ஒளிபட்ட பகுதிகளிலும் வெண்ணிற ஆடையிலுமே அது தெளிவாகத் தெரியும். 'ஹைப்போ' எனும் உப்பினை நன்றாகக் கழுவாமல் விட்ட படங்களும் மங்கி மஞ்சளாகும். செயலியோ படம் முழுவதன்மீதும் ஒரே பழுப்புத் துணியைப் போர்த்திவிடுகிறது. பழைய படங்களைப் பார்த்துப் பழகிய கண் அதனை உடனே கண்டுகொள்ளும்.

மூன்றாவது, முகத்தின் சாயல். 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்த ஈரத்தகடு நீல ஒளியையே நன்கு உணரும். சிவப்பு அதற்கு இருட்டு. ஆகவே சிவந்த இதழ்கள் கருத்து விழும், மாநிறம் மேலும் கருக்கும், நீலத்துணி வெளுத்துவிடும். 1873-இல் ஜெர்மானியரான ஃபோகல், சாயம் சேர்த்தால் பிற நிறங்களையும் தகடு உணரும் எனக் கண்டபின்னரே இக்குறை நீங்கத் தொடங்கியது. அன்றியும், ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். தலையைத் தாங்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி நிறுத்துவர். அவ்வளவு நேரம் புன்னகையைப் பிடித்து வைக்க யாரால் இயலும்? முன்னோர் முகத்தில் நாம் காணும் கண்டிப்பிற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மதுரையிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் பெரிய காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். நீலவானம் வெறும் வெண்மையாக விழுந்துவிடும் என்பதால், நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். படத்தைத் திருத்துவது செயலிகள் வந்தபின் பிறந்த வழக்கமன்று.

இனிச் செய்முறை. சன்னலோரம் ஒரே பக்கத்து ஒளியில், வெற்றுத்துணியின் முன் அமரச் செய்க, கை நாற்காலியிலோ மேசையிலோ ஊன்றியிருக்கட்டும், புன்னகை வேண்டாம். கணினியில், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று பிரிவுகளுள் நீலத்தை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்குக. பழந்தகட்டின் சாயல் தானே வரும். பிறகு கருமைக்கு இளம்பழுப்பும் வெண்மைக்கு மெல்லிய மஞ்சளும் தருக. கீறல்கள் வேண்டவே வேண்டாம். பளபளப்பற்ற தடித்த தாளில் அச்சிடுக. தொடாத மூலப்படத்தைத் தனியே காத்து வைப்பது இவை எல்லாவற்றினும் முக்கியம்.

இத்திறமை இருபுறமும் வெட்டும் வாள். 1974-இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில், ஃபிரான்சிஸ் ஹெட்லிங் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர் எடுத்த ஏழைச் சிறுவர்களின் படங்கள் எனச் சில காட்டப்பட்டன. அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை. அவை தற்காலத்துச் சிறுவர்களை வைத்து எடுத்துப் பழமையூட்டியவை என்பது சில ஆண்டுகளில் வெளியாயிற்று. இதற்கு நேர்மாறாக, பெங்களூரில் புஷ்பமாலா என்ற கலைஞர், கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை பழைய படங்களைத் தாமே வேடமிட்டு மீண்டும் எடுத்தார். இது நடிப்பு என்பதை அவர் மறைக்கவில்லை. கையாண்ட தந்திரம் ஏறக்குறைய ஒன்றே. முன்னது ஏமாற்று, பின்னது கலை. பார்ப்பவரிடம் உண்மையைச் சொன்னார்களா என்பதே வேறுபாடு.

இது நம் வீடுகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பீர்கள். நம் சமுதாயத்து முதிய பெண்மணிகள் பலர் புகைப்படத்துக்கு நின்றதே இல்லை. ஹஜ் பயணக் கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படம் ஒன்றே எஞ்சிய குடும்பங்கள் உண்டு. அதுவும் இல்லாத குடும்பங்கள் அவற்றினும் அதிகம். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், தம் மகளுக்கு நன்னியின் பழைய சேலையை உடுத்திப் படமெடுத்து, அதற்குப் பழமையூட்டிக் கொண்டு வந்தார்.

"அசரத், அப்படியே எங்கள் நன்னி! கூடத்தில் மாட்டப் போகிறேன்" என்றார்.

"நன்றாக இருக்கிறது, தம்பி. முப்பது ஆண்டு கழித்து உம் பேரப்பிள்ளை இதனைப் பார்த்து யார் என்று கேட்டால், என்ன விடை கிடைக்கும்?"

சற்று நேரம் பேசாதிருந்தார். "நன்னி என்றுதான் சொல்வார்கள்" என்றார்.

அதுதான் இழப்பு. உண்மையான நன்னியின் முகம் நம்மிடம் இல்லை என்பதும் ஒரு வரலாறே. அவ்விடத்தில் பேத்தியின் முகத்தை வைத்துவிட்டால், நன்னியும் மறைகிறார். அச்சிறுமியும் தன் படத்தை இழக்கிறாள். படத்தின் பின்புறம், 'இவள் இன்னார் மகள். நன்னியின் சேலையில், இன்ன நாளில் எடுத்தது. கணினியில் பழமையூட்டியது' என்று எழுதித் தந்தேன். அவர் மனமுவந்து மாட்டினார்.

பேனா மை தாளில் ஊறும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுவதே நலம். உண்மையான பழைய படங்களை வைத்திருப்போர் அவற்றின்மீது மேலும் கவனம் செலுத்த வேண்டும். தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கணினியில் பதிவு செய்திருக்கின்றனர். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணை நின்றது. நாம் விறகோடு எரிக்கும் பழம்பெட்டியை அறிஞர்கள் தேடி அலைகின்றனர்!

சகோதர சகோதரிகளே, இம்மாதம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வீட்டுப் பழம்படங்களை எடுத்து மூத்தவர்கள் முன் பரப்புங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டுப் பின்புறம் குறித்து வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்து முடிக்க வேண்டும்.